கருமை பூண்ட சிறுகோள்

வானில் மிக ஒளிர்வது எதுவோ அதுவே மிகப் பெரியது என்று கருதுதல் மக்கட்கு இயல்பு. மாலை வானில் வெள்ளியைக் காணும் சிறுவன், அதனையே விண்மீன்களுக்கெல்லாம் அரசு என்று எண்ணுகின்றான். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதைக் கீழ்வகுப்பிலேயே நாம் கற்பித்துவிடுகின்றோம். எனினும், ஒளிகொண்டு பெருமையை அளக்கும் மயக்கம் வளர்ந்தோரையும் எளிதில் விடுவதில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிற் சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் நாலாவது பெரியதாகிய ஹைஜியா என்பதன் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். ஏறத்தாழ 430 கிலோமீற்றர் விட்டமுடைய அவ்வுருண்டை, தன்னிற் சிறியன பல கண்டறியப்பட்ட பின்னரே 1849 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அதன் உண்மையான உருவமோ 2019 ஆம் ஆண்டுவரை உலகத்தார்க்குத் தெளிவாகத் தெரியாதிருந்தது. காரணம் யாதெனின், அது கரியது. அத்துடன் நெடுந்தொலைவிலும் உள்ளது.

தமிழ் கற்பிக்கும் நாம் வானநூற் பொருளொன்றை எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் வினவுதல் கூடும். ஒரு பொருளைக் குறிக்கும் சொல் பிழைபடின் அப்பொருளைப் பற்றிய அறிவும் பிழைபடும். சிறுகோள்களைப் பொறுத்தவரை இது நாள்தோறும் நிகழக் காண்கின்றோம். ஆதலாற் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

பெயரும் பொருளும்

கோள் என்னுஞ் சொல் கொள் என்னும் வினையடியாகப் பிறந்தது. கிரகம் என்னும் வடசொல்லும் பற்றுதல் என்னும் பொருளுடைய அடியினின்றே வந்தது. நம் முன்னோர் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் ஏழினோடு இராகு கேதுக்களையுங் கூட்டி ஒன்பது கோள்கள் என்றனர். கிரேக்கர் தம் மொழியிலே அலைந்து திரிவது என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நிலையாக நிற்கும் விண்மீன்களிடையே இவை இடம்பெயர்ந்து செல்வதைக் கண்டமையே அப்பெயர்க்குக் காரணம்.

சிறுகோள்களுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர், உடுவை ஒத்தது என்னும் பொருளுடையது. அதனை 1802 ஆம் ஆண்டில் வழக்கிற் கொண்டுவந்தவர் வில்லியம் ஹேர்ஷல். தொலைகாட்டியினூடாக நோக்கும்போது செவ்வாயும் வியாழனும் சிறு வட்டமாகத் தோன்றும். இவையோ விண்மீனைப் போல வெறும் புள்ளியாகவே தோன்றின. ஆகவே அப்பெயர் பொருளின் தன்மையை உணர்த்துவதன்று. அக்காலத் தொலைகாட்டியில் அது தோன்றிய வகையை மட்டும் உணர்த்துவது. சிறுகோள் என்னும் நம் தமிழ்ச் சொல்லோ பொருளின் இயல்பையே சுட்டுகின்றது: கோளைப் போலச் சூரியனைச் சுற்றுவது, அளவிற் சிறியது. இவ்வகையில் நம் சொல் மேலானதென்று கூறுவதில் தவறில்லை.

நல்ல சொல் இருந்தும் அதனை வேறு சொற்களோடு கலந்து வழங்குதல் இக்காலத்துப் பெருங்குறை. வானத்தில் ஒரு கணம் கோடாக ஒளிர்ந்து மறைவது எரிவெள்ளி. அவ்வாறு எரிந்தும் முற்றும் அழியாது நிலத்தில் வந்து விழுவது விண்கல். பனியும் தூசும் செறிந்து, சூரியனை அணுகும்போது வால் நீட்டுவது வால்வெள்ளி. வளிமண்டலத்துக்குப் புறத்தே, தன் பாதையிற் சூரியனைச் சுற்றிக்கொண்டிருப்பது சிறுகோள். இந்நான்கினையும் ஒன்றாக்கி, "பெரிய விண்கல் பூமியை நோக்கி வருகின்றது" என்று செய்தி வெளியிடுவோரும் உளர். அதனைப் படித்த பிள்ளைகள் அஞ்சி ஆசிரியரிடம் வருகின்றார்கள். ஹைஜியாவைப் பற்றி அவர்கள் சிறிதும் அஞ்ச வேண்டுவதில்லை. தன் பாதையில் எந்நிலையில் நின்றாலும் அது பூமியினின்று 25 கோடி கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலேயே உள்ளது.

கண்டறிந்த வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டில் யேர்மனியரான தீற்றியஸ், போடே என்னும் இருவர் கோள்களின் தொலைவு பற்றி ஒரு கணக்கை எடுத்துக்காட்டினர். 0, 3, 6, 12, 24, 48, 96 என்னும் எண்கள் ஒவ்வொன்றுடனும் 4 ஐக் கூட்டினால் 4, 7, 10, 16, 28, 52, 100 என்பன கிடைக்கும். சூரியனிலிருந்து பூமியின் தொலைவை 10 எனக் கொண்டால், புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகியவற்றின் தொலைவுகள் முதல் நான்கெண்களோடும், வியாழன், சனி ஆகியவற்றின் தொலைவுகள் இறுதி இரண்டெண்களோடும் பெரும்பாலும் ஒத்தன. 28 என்னும் எண்ணுக்குரிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. 1781 ஆம் ஆண்டில் ஹேர்ஷல் கண்ட யுரேனசும் அடுத்த எண்ணாகிய 196 இற்கு அண்மையில் அமைந்ததனால், இக்கணக்கின்மேல் நம்பிக்கை மிகுந்தது. வெற்றிடத்திலே ஒரு கோளைத் தேடும் முயற்சியும் மிகுந்தது. 1846 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட நெப்ரியூன் இக்கணக்குக்கு அடங்கவில்லை என்பதையும் இங்கே கூறுதல் நேர்மையாகும். பிழையான கணக்கும் ஒரோவழி நல்ல தேடலுக்கு வழிகாட்டும்.

1801 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளிரவு, சிசிலித் தீவின் பலேர்மோ நகரிலே பியாசி என்னும் துறவி புதியதொரு புள்ளியைக் கண்டார். சீரிஸ் எனப் பெயர்பெற்ற அது சில கிழமைகளிற் சூரியவொளியில் மறைந்தது. இளங்கணித மேதையாகிய காவுஸ் தம் கணக்கினால் அதன் பாதையை வரையறுத்துக்கொடுக்க, அவ்வாண்டின் இறுதியில் அது மீட்டுங் காணப்பட்டது. 1802 இல் பல்லாசும், 1804 இல் யூனோவும், 1807 இல் வெஸ்தாவும் வெளிப்பட்டன. அதன்பின் 38 ஆண்டுகள் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. இனித் தேடுதல் வீண் என்று பலர் கைவிட்டனர். தபாற்கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஹென்கே என்னும் யேர்மானியர் ஒருவரோ பதினைந்து ஆண்டுகள் தளராது தேடி, 1845 இல் ஐந்தாவதாகிய அஸ்திரேயாவைக் கண்டார். அவர் திறந்த வாயிலின் வழியே பலர் புகுந்தனர். 1847 இல் ஹீபி, ஐரிஸ், புளோரா என்பனவும், 1848 இல் மேற்றிஸ் என்பதும் கண்டறியப்பட்டன.

பத்தாவதாகிய ஹைஜியாவை 1849 ஆம் ஆண்டு ஏப்பிரல் 12 ஆம் நாள் கண்டவர், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கப்போதிமொந்தே வானாய்வகத்திற் பணிசெய்த அன்னிபலே தே காஸ்பரிஸ். அப்பொழுது அவர்க்கு வயது 29. பின்னர் அவர் மேலும் எட்டுச் சிறுகோள்களைக் கண்டறிந்தார். அவ்வானாய்வகத்தின் தலைவரான கபோச்சி, கிரேக்கர் நலத்தெய்வமாகப் போற்றிய ஹைஜியாவின் பெயரோடு, அந்நாட்டை ஆண்ட பூர்போன் அரசகுலத்தின் பெயரையும் ஒட்டி வைத்தார். ஹைஜியா மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளேப்பியசின் மகள். சுகாதாரம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இவள் பெயரினின்றே பிறந்தது. சில ஆண்டுகளுள் வானநூலார் அரசகுலப் பெயரை விட்டுவிட்டு ஹைஜியா என்றே வழங்கலாயினர். பியாசியும் தாம் கண்ட சீரிசோடு அரசன் பேர்தினாந்தின் பெயரைச் சேர்த்தே வைத்தார். அதுவும் நில்லாது உதிர்ந்தது. பூர்போன் அரசு 1861 அளவில் ஒன்றுபட்ட இத்தாலியினுள் அடங்கி மறைந்தது. விண்ணில் எழுதிய புகழும் ஆட்சியின் ஆணையால் நிலைப்பதில்லை போலும்.

ஒளியும் அளவும்

ஹைஜியாவுக்கு முன் கண்டறியப்பட்ட ஒன்பதனுள் ஆறு அதனிலும் சிறியவை. அவற்றுள்ளும் அஸ்திரேயா, ஹீபி, ஐரிஸ், புளோரா, மேற்றிஸ் என்னும் ஐந்தும் விட்டத்தில் ஹைஜியாவின் பாதியளவுதானும் இல்லாதவை. சிறியவை முன்னே தோன்றப் பெரியது பின்தங்கியது எங்ஙனம்?

சிறுகோளுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியவொளியைத் தெறித்தே அது நமக்குத் தோன்றுகின்றது. எனவே அதன் பிரகாசம் நான்கினைப் பொறுத்தது: அதன் பரப்பு, அதன் மேற்பரப்பின் நிறம், சூரியனிலிருந்து அதன் தொலைவு, நம்மிலிருந்து அதன் தொலைவு என்பன அவை. ஹைஜியா தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கினையே திருப்பித் தருகின்றது. அடுப்புக்கரியின் நிறத்தை எண்ணிக்கொள்க. நாம் வெண்மையென்று பாடும் நிலவும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவே தெறிக்கின்றது என்றால், ஹைஜியாவின் கருமை விளங்கும். வெஸ்தாவோ நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் தெறிப்பது.

இவ்விரண்டினையும் ஒப்பிட்டு ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். வெஸ்தாவின் விட்டம் ஏறத்தாழ 525 கிலோமீற்றர். பரப்பினால் ஹைஜியா வெஸ்தாவின் மூன்றில் இரண்டு பங்கு. தெறிக்கும் ஆற்றலினால் ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஒரே தொலைவில் வைத்தாலும் ஹைஜியாவின் ஒளி வெஸ்தாவின் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கேயாம். சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவை ஓரலகு எனக் கொண்டால், வெஸ்தா சூரியனிலிருந்து சராசரி 2.36 அலகு தூரத்திலும், ஹைஜியா 3.14 அலகு தூரத்திலும் உள்ளன. தூரம் மிகமிகச் சூரியவொளி அங்கே சென்றடைவதும் குறையும். அங்கிருந்து நம்மை வந்தடைவதும் குறையும். இருவழியிலும் நேரும் இக்குறைவினால் மேலும் நாலு மடங்குக்குச் சற்று அதிகமான இழப்பு ஏற்படுகின்றது. எல்லாவற்றையுங் கூட்டிப் பார்க்கும்போது, நமக்கு எதிர்ப்பட்டு நிற்குங் காலத்தில் வெஸ்தா ஹைஜியாவைப்போல ஏறத்தாழ 40 மடங்கு பிரகாசமுடையது. வெஸ்தா சிற்சில காலங்களில் வெறுங்கண்ணுக்கே தோன்றும். ஹைஜியாவைக் காணத் தொலைகாட்டி வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழும். மங்கிய புள்ளியொன்றைக் கண்டால், அது சிறிய வெண்கல்லோ பெரிய கருங்கல்லோ என்று எங்ஙனம் அறிவது? நெடுங்காலம் இதற்குத் திட்டமான விடை கிடைக்கவில்லை. விடையை நம் வீதியிலேயே காணலாம். நண்பகலிலே வெண்மணலிலும் தார்வீதியிலும் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர், எது கூடுதலாகச் சுடும் என்பதை அறிவர். கரிய பொருள் ஒளியை விழுங்கி வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க் கதிராக வெளிவிடுகின்றது. ஆகவே ஒரு சிறுகோளினின்று வரும் ஒளியையும் வெப்பக் கதிரையும் சேர்த்து அளந்தால், அதன் நிறமும் பருமனும் ஒருங்கே புலப்படும். 1970 களில் வளர்ந்த இம்முறையினை, 1983 ஆம் ஆண்டில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஐராஸ் என்னும் செயற்கைத் துணைக்கோள் பெருந்தொகையான சிறுகோள்களுக்குப் பயன்படுத்தியது. ஒளியினாற் சிறியன என்று தோன்றிய பல, வெப்பத்தினாற் பெரியன என்று வெளிப்பட்டன.

கருமையின் காரணம்

ஹைஜியாவின் கருமை காபன் கலந்த பொருள்களால் ஆயது. சிறுகோள்களிற் பெரும்பான்மையானவை, நான்கில் மூன்று பங்களவு, இவ்வினத்தைச் சேர்ந்தவை. சூரியனுக்கு அணித்தாயுள்ள உட்பகுதியில் ஒளிமிக்க கற்களும், வெளிப்பகுதியிற் கரிய காபன் கற்களும் மிகுந்திருத்தல் இவ்வளையத்தின் இயல்பு. ஹைஜியா வெளிப்பகுதியிற் சுழல்வது. அதன் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தோர், நீரோடு கலந்து மாறிய கனிப்பொருள்களின் அடையாளங்களை அதன் மேற்பரப்பிற் கண்டுள்ளனர். இவ்வகையில் அது சீரிசை ஒத்தது. நீரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மட்டுமே அதன் அடர்த்தி. நாம் மிதிக்கும் கருங்கல்லின் அடர்த்தி அதனிலும் மிக்கது. ஆகவே ஹைஜியா முழுவதும் இறுகிய பாறையன்று. பனியும் வெற்றிடங்களும் அதனுள் விரவியிருத்தல் வேண்டும் என்று ஊகிக்கலாம்.

இவ்வினக் கற்கள் சூரிய மண்டலம் தோன்றிய காலத்துப் பழம்பொருள்களைப் பேரளவில் மாற்றமின்றிக் காத்து வைத்திருக்கின்றன. 1969 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் வீழ்ந்த விண்கல் இவ்வினத்தது. அதனுள் உயிர்களின் புரதத்துக்கு மூலமாகிய அமினோ அமிலங்கள் பல காணப்பட்டன. யப்பானியர் அனுப்பிய ஹயபுசா 2 என்னும் கலம் றியுகு என்னும் சிறு கருங்கோளிலிருந்து 2020 இல் ஐந்து கிராமுக்குச் சற்று மேற்பட்ட மண்ணைக் கொணர்ந்தது. அமெரிக்கர் அனுப்பிய ஒசைரிஸ் றெக்ஸ் என்னும் கலம் பெண்ணு என்னும் மற்றொன்றிலிருந்து 2023 இல் ஏறத்தாழ 120 கிராம் கொணர்ந்தது. இவ்விரண்டிலும் நீரால் மாறிய களிமண் இனப் பொருள்களும் உயிர்க்கு மூலமாகத்தக்க காபன் சேர்வைகளும் காணப்பட்டன. கரியென்று தள்ளத்தக்க அப்பொருளினுள்ளேயே உயிரின் தோற்றத்தை ஆராய்வோர் தேடும் செல்வம் உள்ளது.

உடைந்து திரண்ட உருண்டை

நேர்ப்பார்வையில் ஹைஜியாவின் உருவத்தைக் காண்டல் எத்துணை அரிது என்பதற்கு ஓர் உவமை கூறுவோம். நமக்கு அண்மையில் நிற்குங் காலத்தில் அதன் தோற்றம், இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலமுள்ள நாணயமொன்றைப் பதினெட்டுக் கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது. போதாக்குறைக்கு, நம் வளிமண்டலத்தின் அசைவு அத்தோற்றத்தைக் கலக்கிவிடும். தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலே பரனால் மலைமீது ஐரோப்பியர் அமைத்துள்ள 8.2 மீற்றர் ஆடித் தொலைகாட்டியொன்றில், வளியின் கலக்கத்துக்கு ஏற்பத் தன்னுருவைக் கணந்தோறும் மாற்றி அதனை ஈடுசெய்யும் ஆடியொன்று பொருத்தப்பட்டது. பிரான்சு நாட்டவரான பியர் வெர்னாசாவும் அவருடன் உழைத்த பலரும் அக்கருவிகொண்டு எடுத்த படங்களின் முடிபு 2019 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது.

அவர்கள் எதிர்பார்த்துச் சென்றது ஒன்று, கண்டது வேறொன்று. ஹைஜியாவின் பாதையை ஒத்த பாதைகளிற் சுழலும் சிறு கற்கள் ஏறத்தாழ 7000 உள்ளன. இவ்வாறு கூட்டங்கூட்டமாகச் செல்வன ஒரே தாய்க்கோளினின்று சிதறியவை என்பதனை 1918 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் ஹிரயாமா எடுத்துக்காட்டினார். வெஸ்தாவும் இவ்வாறு குடும்பம் உடையது. அதன் தென்முனையில் 500 கிலோமீற்றர் அகலமான பெரும்பள்ளம் உள்ளது. அப்பள்ளம் தோன்றியபோது தெறித்தவையே அதன் குடும்பமாயின. ஆகவே ஹைஜியாவிலும் அத்தகைய பெருவடு காணப்படும் என்றே ஆராய்ச்சியாளர் எண்ணினர். அதன் மேற்பரப்பில் நூற்றுக்கு 95 பங்கை நோக்கியும் பெரும்பள்ளம் அகப்படவில்லை. ஐயமின்றித் தெரிந்தவை இரண்டு பள்ளங்களே. அவை 7000 கற்களை ஈன்றிருக்கத்தக்க பெருமையுடையன அல்ல. அதற்கு மாறாக, ஹைஜியா ஏறத்தாழ முழு உருண்டையாய் இருந்தது! தன்னிலும் பெரியனவாகிய பல்லாசும் வெஸ்தாவும் அத்துணை உருண்டையல்ல.

இப்புதிருக்கு அவர்கள் கணனிகொண்டு கண்ட விடை வியக்கத்தக்கது. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன், 75 முதல் 150 கிலோமீற்றர்வரை விட்டமுடைய மற்றொரு கோள் ஹைஜியாவின் தாய்க்கோள்மீது நேரே மோதியது. பள்ளம் விழுந்ததோடு அது நிற்கவில்லை. தாய்க்கோள் முழுவதும் நொறுங்கிற்று. நொறுங்கிய துண்டுகள் பெரும்பாலும் தம்முள் ஈர்ப்பினால் மீட்டும் ஒன்று திரண்டன. அவ்வாறு திரளும்போது அவை திரவம்போல ஒழுகி, எப்பக்கமும் சமமாய் அமைந்தன. திரளாது எஞ்சியவையே இன்று உடன்செல்லும் ஏழாயிரம். வெஸ்தாவுக்கு வடு உண்டு. ஏனெனில் அது முற்றும் உடையவில்லை. ஹைஜியாவுக்கு வடு இல்லை. ஏனெனில் அது முற்றும் உடைந்து புதிதாயிற்று.

அதே ஆராய்ச்சியினால் மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. ஹைஜியா தன்னைத்தான் சுற்றிக்கொள்ள ஏறத்தாழ 27 மணி 40 நிமிடம் செல்லும் என்று முன்னர்க் கருதப்பட்டது. உண்மையில் 13 மணி 50 நிமிடமே செல்கின்றது.

சிறுகோளோ குறுங்கோளோ?

சீரிசும் பல்லாசும் கண்டறியப்பட்ட காலத்தில் அவை கோள்கள் என்றே எண்ணப்பட்டன. அவற்றின் தொகை பெருகியபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை கோள்வரிசையினின்று நீக்கப்பட்டன. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் பிராக் நகரிற் கூடிய அனைத்துலக வானியற் சங்கத்தார் கோள் என்பதற்கு இலக்கணம் வகுத்து, குறுங்கோள் என்னும் புதிய வகுப்பையும் ஏற்படுத்தினர். சூரியனைச் சுற்றுதல், வேறொரு கோளுக்குத் துணைக்கோளாய் இராமை, தன் ஈர்ப்பினாலே உருண்டை வடிவம் பெற்றிருத்தல், தன் பாதையிலுள்ள ஏனையவற்றை அகற்றாதிருத்தல் என்னும் நான்கும் குறுங்கோளின் இலக்கணம். இதனாற் புளுற்றோ கோள்வரிசையினின்று இறங்கியது. சீரிஸ் சிறுகோள் நிலையினின்று உயர்ந்தது.

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இவ்விவாதம் அந்நியமானதன்று. இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் இயம்புதல் மரபு. பொருள்கள் முன்னே கண்டறியப்பட்டன. வகுப்பு பின்னே வந்தது. வகுப்பு மாறியபோதும் பொருள்கள் மாறவில்லை. புளுற்றோ 2006 இற்கு முன் எவ்வளவினதோ அவ்வளவினதாகவே இன்றும் சுழல்கின்றது. ஹைஜியா முதல் இரண்டினையும் நாலாவதையும் ஐயமின்றி உடையது. மூன்றாவதாகிய உருண்டை வடிவமும் உண்டென்பதை 2019 ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டியது. எனினும் சங்கத்தார் அதனைக் குறுங்கோள் என்று இதுவரை ஏற்று அறிவிக்கவில்லை. ஈர்ப்பின் அழுத்தம் ஒன்றாலேயே அது உருண்டதா, உடைந்து திரண்டமையால் உருண்டதா என்பது ஆராயத்தக்கது. ஏற்பினும் ஏற்காதொழியினும், பரீட்சையிலே பெயரை எழுதுவதோடு நின்றுவிடாது, பெயர்க்குரிய காரணத்தையும் மாணவர் எழுதப் பழகுதல் வேண்டும். கோள்கள் எட்டு என்று மனனஞ் செய்தவனுக்கும், ஏன் எட்டு என்று கூறவல்லவனுக்கும் உள்ள வேறுபாடே கல்வியின் பயன்.

காண விரும்புவோர்க்கு

ஹைஜியா ஒருமுறை சூரியனைச் சுற்ற ஏறத்தாழ ஐந்தரை ஆண்டும் சில கிழமையும் செல்லும். ஒரு கல்லூரி தன் பொன்விழாவைக் காணும் ஐம்பது ஆண்டில் அது ஒன்பது சுற்றும், நூற்றாண்டு விழாவைக் காணும்போது பதினெட்டுச் சுற்றும் நிறைவுறும். பூமி அதனிலும் விரைந்து சுற்றுவதால், ஏறத்தாழ பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் அது நமக்கு நேர்ப்படுகின்றது. அக்காலத்தில் நள்ளிரவிலே அது உச்சங்கொள்ளும்.

அதற்கு எந்தவொரு விண்கலமும் இன்னுஞ் சென்றதில்லை. டோன் என்னும் கலம் 2011 இல் வெஸ்தாவையும் 2015 இற் சீரிசையும் அடைந்து படமெடுத்தது. ஹைஜியாவோ பூமியிலிருந்தே நோக்கப்படுகின்றது. ஆயினும் அதனைக் காணும் பேறு பெரிய மலைமேலுள்ள பெருந்தொலைகாட்டிக்காரர்க்கு மட்டும் உரியதன்று. பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள தொலைகாட்டி ஒன்றும், நகர விளக்குகள் இல்லாத வானமும், சிறிது பொறுமையும் உண்டானால் மாணவரும் காணலாம். செய்யவேண்டுவது இதுவே: ஆண்டு வானக்குறிப்பில் அது நிற்கும் இடத்தை அறிந்து, தொலைகாட்டியில் அவ்விடத்துத் தோன்றும் புள்ளிகள் அனைத்தையும் கடதாசியிற் குறித்துக்கொள்க. மறுநாளிரவும் அதற்கு மறுநாளிரவும் அவ்வாறே குறித்துக்கொள்க. மூன்று கடதாசிகளையும் ஒன்றன்மேலொன்று வைத்து நோக்கினால் எல்லாப் புள்ளிகளும் தத்தம் இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் நாளொன்றுக்கு முழுமதியின் அகலத்தில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாக நகர்ந்திருக்கும். அதுவே ஹைஜியா. 1849 இல் தே காஸ்பரிஸ் கண்டறிந்ததும் இவ்வாறு இடம்பெயர்ந்ததொரு புள்ளியையே.

கல்லூரியின் வளர்ச்சிக்குப் பலவாறு கைகொடுத்துவரும் பழைய மாணவர்களிடத்து ஒரு வேண்டுகோள் விடுக்கத் துணிகின்றோம். கட்டடங்களுக்கும் விளையாட்டிடத்துக்கும் வேண்டுவனவற்றை நினைக்கும்போது, சிறியதொரு தொலைகாட்டியையும் நினைவிற் கொள்வார்களாக. அதன் விலை பெரிதன்று. அதனால் விளையும் பயனோ பெரிது. கருவி வந்தபின் நோக்கற் குறிப்புகளைத் தமிழிலே எழுதுவிக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்வோம். மாணவன் ஒருவன் தன் கையால் மூன்றிரவு குறித்த கடதாசியிலே, எவரும் எளிதிற் பார்த்திராத கரிய உருண்டையொன்று இடம்பெயர்ந்ததைத் தானே கண்டு, அதற்குச் சிறுகோள் என்று பிழையறப் பெயரெழுதுவானாயின், விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கே மகிழ்வர்.